ஜெப மேசையில் வைத்த கவர்

போன வருஷம் மார்ச் மாதம் எனக்கு ஐந்து புள்ளி குறைந்தது. ஐந்தே ஐந்து. அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் என் பஸ் இரண்டு தடவை வந்து போனது. நான் ஏறவில்லை. ஏற வேண்டும் என்று தோன்றவும் இல்லை. விசுவாசக் குடும்பத்தாரே, அந்த ஐந்து புள்ளியை நான் முதலில் எந்தக் கெட்ட வழியில் தேடினேன், பிறகு ஆண்டவர் அதை எந்த வழியில் தந்தார் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

என் பெயர் ஷைனி. பாறசாலைக்குக் கிழக்கே, பத்து நிமிஷம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும் ஒரு ஊரில் இருக்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். பொறுமை எனக்குக் கிடையாது, அது சபையில் எல்லாருக்கும் தெரியும். ஜெபம் நீண்டுபோனால் கண்ணைத் திறந்து கடிகாரம் பார்க்கிற ஆள் நான்.

என் கணவர் ஜஸ்டின் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை அல்ல அது. வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. எங்கள் மகள் ஃபெபாவுக்கு அப்போது பதினொரு வயது. அந்தப் பதினொரு வருஷத்தில் அவள் அப்பாவோடு ஒரு கூரைக்குக் கீழே இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம்கூட வராது. ஒவ்வொரு தடவை அவர் வரும்போதும் முதல் பத்து நாள் அவள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள். பிறகு மெல்ல ஒட்டுவாள். ஒட்டித் தோளில் தொங்க ஆரம்பிக்கும்போது அவர் பெட்டி கட்டத் தொடங்குவார்.  அவர் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி சப்பாத்தி சுடுவேன்.

ஆஸ்திரேலியாவுக்குத் தொழில் தெரிந்தவர்கள் குடும்பத்தோடு போய்க் குடியிருக்க விண்ணப்பம் போடலாம் என்று கேள்விப்பட்டு நாங்கள் இறங்கினோம். பரீட்சை மார்க் மாதிரி அதற்குப் புள்ளி உண்டு. வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, ஆங்கிலத்துக்கும் வேலை அனுபவத்துக்கும் இவ்வளவு. கூட்டுத்தொகை அதிகம் உள்ளவர்களுக்கு முதலில் அழைப்பு வரும். நான் ஆங்கிலத் தேர்வை மூன்றாம் தடவையில் முழுப் புள்ளியோடு முடித்தேன். ஜஸ்டின் தொழிலாளர் கேம்ப் கட்டிலில் உட்கார்ந்து படித்து, அவர் பங்குக்கு ஒரு ஆங்கிலத் தேர்வு எழுதி ஐந்து புள்ளி சேர்த்தார். எல்லாம் கூட்டி எழுபத்தைந்து வந்தது. திருவனந்தபுரத்தில் விண்ணப்பம் பார்த்துத் தருகிற மேடம், என் தொழிலுக்கு எண்பது இருந்தால் நம்பிக்கை வைக்கலாம், இல்லாவிட்டால் வீணாக ஆசை காட்ட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதோடு போயிருந்தால்கூட அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இருந்திருப்பேன். ஆனால் அந்த நவம்பர் பதினெட்டாம் தேதி எனக்கு நாற்பது வயது ஆகவிருந்தது. அதற்குள் அழைப்பு வராவிட்டால், நாற்பது ஆன அன்றே வயதுக்கான புள்ளியில் பத்து போய்விடும். பிறகு அந்தக் கதவை நாங்கள் தட்டுவதில் அர்த்தம் இல்லை.

அனுபவத்தில்தான் எனக்குக் குறை. எட்டு வருஷம் இருந்தால் ஐந்து புள்ளி கூடும். எனக்கு இருந்தது ஆறரை. ஃபெபா பள்ளிக்கூடம் போகும்வரை நான் வீட்டில் இருந்துவிட்டேன்.

அந்த நாட்களில் நான் ஜெபித்தது ஜெபமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. முழங்காலில் நின்று ஆண்டவரிடம் எண் சொன்னேன். எண்பது வேண்டும், ஐந்து தாரும், நவம்பருக்குள் தாரும். கடைக்காரரிடம் சாமான் சொல்வதுபோல் சொன்னேன். பதில் வராததால் கோபமும் பட்டேன்.

எங்கள் சபையில் ராஜமணி மாமா என்று ஒருவர் உண்டு. சொந்தம் இல்லை, மாமா என்று கூப்பிட்டுப் பழக்கம். கமிட்டியில் இருக்கிறவர், பாறசாலையில் சின்ன லேப் ஒன்று நடத்துகிறார். நல்ல மனுஷன். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பார். என் முகத்தைப் பார்த்து விவரம் கேட்டார். சொன்னேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வளாகத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கையில் வைத்தார்.

"பிள்ளைய வீட்ல வச்சிருந்தியே, அதில கடைசி ரெண்டு வருசம் நீ எனக்க லேபில வேலை பாத்ததா எழுதியிருக்கு. சீலும் உண்டு. கேட்டா நான் பறஞ்சுக்கிடுதேன்."

"மாமா, நான் அங்க வேலை பாக்கலியே."

"எனக்க பையன் லீவு போட்டப்போ நீ வந்து நாலு நாள் ரத்தம் எடுத்துத் தந்ததுண்டா இல்லியா? அப்போ பாத்ததுதான். பேடிக்காத மக்கா. நம்ம ஆளுக்கு நாம செய்யாட்டி வேற ஆரு செய்வா?"

இதைக் கேட்டு நீங்கள் அவரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் லெட்டர் கொடுப்பது ஒரு உதவி. கல்யாணத்துக்கு, காலேஜ் சீட்டுக்கு, வேலைக்கு, எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் தலைப்புத் தாளில் நல்லதாக நாலு வரி எழுதித் தருவார். வாங்குகிறவர் நன்றியோடு வாங்குவார். நானும் அப்படித்தான் வாங்கினேன். மறுக்க என் வாய் வரவில்லை என்பது உண்மை. மறுக்க எனக்கு மனம் இல்லை என்பது அதைவிட உண்மை.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. எங்கள் சபையில் முக்கியமான தாள் எதுவானாலும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் கொண்டுபோய் மேசையில் வைப்பது வழக்கம். ஹால் டிக்கெட், ஸ்கேன் ரிப்போர்ட், நிலத்துப் பத்திரம், விசாத் தாள், எல்லாம் கவரோடு மேசைக்கு வரும். பெண்கள் சங்கத்துக்காரிகள் சுற்றி நின்று கையை வைத்து ஜெபிப்பார்கள். நானும் அந்தக் கவரை ஓரத்தை ஒட்டி, மேலே என் பெயரை எழுதி, கொண்டுபோய் வைத்தேன். உள்ளே என்ன என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் சங்கத்தில் அப்படிக் கேட்பதில்லை.

மூன்று வெள்ளிக்கிழமை அவர்கள் எனக்காகப் பட்டினி கிடந்தார்கள். பெண்கள் சங்கத்துச் செயலாளர் மெர்சி அக்கா. அவர் கணவரும் வளைகுடாவில் இருந்தவர்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெட்டியில் வந்து இறங்கினார். மூன்றாவது வெள்ளிக்கிழமை மெர்சி அக்கா என் கவரை மேசையிலிருந்து எடுத்து, குழந்தையைப் பிடிப்பதுபோல் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "ஆண்டவரே, எனக்கு வந்தது இந்தப் பிள்ளைக்கு வரண்டாம். இவளுக்க மாப்பிள உயிரோட வீட்டுக்கு வரட்டு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவர் கண்ணீர் என் பெயர் எழுதின இடத்தில் விழுந்து மை பரவியது. சுற்றி நின்ற எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் அந்தப் பரவின மையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சனிக்கிழமை லேபுக்கு ரத்தம் எடுத்து அடைத்த குழாய் ஒன்று வந்தது. பெயர் ஒட்டாத குழாய். பெயர் இல்லாத ரத்தத்தை நான் சோதிக்க மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன். அது எங்கள் தொழிலின் முதல் பாடம். வார்டிலிருந்து பிந்து ஓடி வந்தாள். அமரவிளைக்காரி, நர்ஸ், என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவள்.

"ஷைனியே, அது அந்தப் பதினாலாம் பெட்காரருக்க ரத்தம்தான். எனக்கு நிச்சயம் உண்டு. நீ பேரெழுதி ஒட்டிவிடு. திரும்பக் குத்தினா அவரு சத்தம் போடுவாரு."

"எடுத்த ஆளு எழுதாத பேர நான் எழுத மாட்டேன். திரும்பப் போய் எடு."

சொல்லி முடித்ததும் என் குரல் எனக்கே கேட்டது. யாரோ ஒருவரின் ரத்தம் உள்ள குழாயில் நான்கு எழுத்து எழுத மாட்டேன் என்கிறேன். எனக்காக இரண்டு வருஷத்தையே எழுதி வாங்கி, ஒட்டி, ஜெப மேசையில் வைத்திருக்கிறேன். பிந்து முணுமுணுத்துக்கொண்டே போனாள். நான் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டோர் அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டேன். ஆண்டவரே, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த லெட்டரைத் திங்கள்கிழமை மேடத்திடம் கொடுப்பதாக இருந்தது. கொடுக்கவில்லை. ராஜமணி மாமா வீட்டுக்குப் போய்த் திருப்பி நீட்டினேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"அப்போ நான் கள்ளன் ஆக்குமோ?"

"இல்ல மாமா. நான்தான்."

அவர் கவரை வாங்கவே இல்லை. உள்ளே போய்விட்டார். மாமி காப்பி கொண்டுவந்து, என்ன நடந்தது என்று தெரியாமல் நின்றாள். குடித்துவிட்டு வந்தேன். இனிப்பு இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

அன்று மாலை ஜஸ்டினிடம் போனில் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.  இப்படிச் சொன்னார்: "உனக்கு உனக்க மனசாட்சி உண்டு ஷைனி. எனக்கு எனக்க பிள்ள மட்டுந்தான் உண்டு." போனை வைத்துவிட்டார். நான்கு நாள் கூப்பிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. எவ்வளவு அழுதேன் என்று எழுதினால் உங்களுக்குச் சலிப்பு வரும், அதனால் விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். போகாமல் இருக்கக் காய்ச்சல், தலைவலி எல்லாம் யோசித்துப் பார்த்தேன். போனேன். எழுந்து நின்று கவரைக் கிழித்து, உள்ளே இருந்ததை வாசித்துக் காட்டினேன். லேபின் பெயரையும் மாமாவின் பெயரையும் விட்டுவிட்டேன், இது பொய் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் பட்டினி கிடந்தது இந்தப் பொய்க்காக என்று சொன்னேன்.  மெர்சி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இதையா நான் நெஞ்சோட பிடிச்சுக் கரஞ்சேன்."

 அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். நல்ல கோபம் முகத்தில் இருந்தது. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி. உள்ளதச் சொல்லு மக்கா. உனக்கு என்ன வேணும்? புள்ளிக்கணக்கு எனக்குத் தெரியாது, அத விட்டுட்டுச் சொல்லு."

"எனக்க பிள்ளைக்கு அப்பா வேணும் அக்கா. அவரு வரும்போ அவ கதவுக்குப் பொறத்த போய் நிக்கக்கூடாது."

"அதக் கேளு. அதுக்கு நாங்க பட்டினி இருக்கியோம்."

அன்றுதான் முதல் தடவையாக எண் சொல்லாமல் ஜெபித்தேன். கடிகாரம் பார்க்கவில்லை.

பிரியமானவர்களே, உண்மையைச் சொன்னதும் வானம் திறந்து ஐந்து புள்ளி விழுந்தது என்று நினைக்காதீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மேடத்திடம் போய் அனுபவம் ஆறரைதான், அதற்கு மேல் இல்லை என்றேன். அவர் என் தாள்களை மறுபடி புரட்டிவிட்டு இன்னொரு வழி சொன்னார். ஆங்கிலம் பேசுகிற ஒருவருக்கும் நம் மொழி பேசுகிற ஒருவருக்கும் நடுவே இருந்து, ஒருவர் சொன்னதை மற்றவர் மொழியில் சொல்லும் தேர்வு ஒன்று உண்டு. தேறினால் ஐந்து புள்ளி. எந்த மொழி என்று நாமே தேர்ந்தெடுக்கலாம்.

நான் யோசிக்காமல் மலையாளம் என்றேன். படித்தது மலையாளப் பள்ளிக்கூடம், ஆதார் முதல் ரேஷன் கார்டு வரை மலையாளம். தமிழ் எங்களுக்கு வீட்டிலும் சபையிலும் உள்ளது. பள்ளிக்கூடத்தில் என்னைத் தமிழத்தி என்று கேலி செய்வார்கள். எல்லை தாண்டி நாகர்கோவிலுக்கு அப்பால் போனால், இது என்ன தமிழ் என்று அங்கேயும் சிரிப்பார்கள். அதனால் என் தமிழ் பரீட்சைக்கு ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மே மாதம் வீட்டு அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மலையாளத்தில் பேசித் தேர்வை முடித்தேன். ஜூன் கடைசியில் முடிவு வந்தது. தோற்றுவிட்டேன்.

காரணம் எனக்கு அப்போது புரிந்தது. நாங்கள் பேசினால் ஒரு வாக்கியத்தில் இரண்டு மொழியும் வந்து உட்காரும். கேட்கிறவருக்கும் இரண்டும் தெரியும் என்பதால் யாரும் திருத்துவதில்லை. தேர்வு வைக்கிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாதே. என் மலையாளத்தில் மூன்று வார்த்தைக்கு ஒரு தமிழ் விழுந்திருக்கும்.

முடிவு வந்த வாரத்தில் ஒரு நாள், லேபில் வேலை முடியாமல் இருக்கும்போது பிந்து வாசலில் வந்து நின்றாள். "ஷைனியே, ஒண்ணு வா. தமிழ் ஆளு வந்திருக்கு."

இது புதிதல்ல. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வருவார்கள். எங்கள் டாக்டர்கள் பலர் வடக்கே கோட்டயம், இடுக்கிக்காரர்கள். தமிழ் தெரியாது. யாராவது நடுவில் நின்று சொல்ல வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். அது என் வேலை அல்ல. அதற்காக நான் எத்தனை தடவை முகம் சுளித்திருக்கிறேன் என்று பிந்துவுக்குத் தெரியும். எனக்கென்ன இரண்டு வாயா என்று அன்றும் கேட்டுக்கொண்டேதான் போனேன்.

ஒரு விவசாயி. அவர் மனைவி கட்டிலில் கிடந்தாள். அவள் ரத்தத்தை நான்தான் அரை மணி நேரத்துக்கு முன் சோதித்திருந்தேன். பொட்டாசியம் பார்த்ததுமே பயம் வருகிற அளவுக்கு ஏறியிருந்தது. நம்பாமல் புது ரத்தம் வாங்கி இரண்டாம் தடவையும் போட்டேன், அதே எண். உடனே டயாலிசிஸ் செய்யாவிட்டால் எந்த நிமிஷமும் இதயம் நின்றுவிடலாம். டாக்டர் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் சொல்கிறார். அந்த மனுஷனுக்கு ஒன்றும் ஏறவில்லை. பயந்துபோய், மனைவியின் சேலையையும் செருப்பையும் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்ப நிற்கிறார்.

நான் நடுவில் நின்றேன். டாக்டர் ஒரு வாக்கியம் சொல்வார், நான் அதை அந்த விவசாயியிடம் சொல்வேன். அவர் கேட்பதை டாக்டரிடம் சொல்வேன். அவருக்கு மலையாளம் ஒரு சொல்கூடத் தெரியாது. அதனால் ஒரு சொல்கூட வரவிடாமல் பேசினேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கால் மணி நேரம் ஆனது. அவர் பையைக் கீழே வைத்தார்.

"நீங்க சொன்ன பெறவுதாம்மா எனக்கு மூச்சே வருது. கையெழுத்து எங்க போடணும்?"

அந்த அம்மா பிழைத்தாள். ஐந்தாம் நாள் அவள் தன் காலால் நடந்து போவதை நான் பார்த்தேன்.

அன்று சாப்பிடும்போது பிந்து என் தட்டிலிருந்து மீனை எடுத்துக்கொண்டே கேட்டாள். "நீ ஏன் மலையாளத்துல எழுதின? தனிய நிண்ணு கரையும்போ எந்தப் பாஷையில நீ தெய்வத்த விளிக்கிய?"

 தமிழில்தான். சின்ன வயது முதல் பாடினது, வேதம் வாசித்தது, பிரசங்கம் கேட்டது எல்லாம் கலப்பில்லாத தமிழில். அந்தத் தமிழ் எனக்குள்ளே சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, நான் பொருட்படுத்தவில்லை. முகம் சுளித்துக்கொண்டு நான் செய்த அந்த நடுவில் நிற்கிற வேலை, அதையும் ஆண்டவர் இத்தனை வருஷம் எனக்கே பயிற்சியாக வைத்திருக்கிறார். பிந்து கோயிலுக்குப் போகிறவள். அவள் வாயால்தான் எனக்குப் பதில் வந்தது.

ஜஸ்டினிடம் சொன்னேன். அப்போது நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் பிள்ளையின் ஃபீஸ், கேஸ் சிலிண்டர், அவ்வளவுதான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்கிலீசுகாரனா நான் பேசுதேன். பிள்ள தமிழ் பேசட்டு. நீ நடுவுல சொல்லு" என்றார்.

அப்படித் தொடங்கியது. தினமும் மாலை ஏழு மணிக்குப் போன் சாப்பாட்டு மேசையில் நிற்கும். ஜஸ்டின் டாக்டர், பேங்க் மேனேஜர், ஸ்கூல் பிரின்சிபால். ஃபெபா நோயாளி, வாடகைக்கு வீடு தேடுகிறவள், பிள்ளையைச் சேர்க்க வந்த அம்மா. அவள் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, தமிழைத் தட்டித் தடவித்தான் பேசுவாள். ஆனால் என் வாயில் மலையாளம் விழுந்தால் உடனே கை தூக்கிவிடுவாள். நான் சபைத் தமிழில் போய்விடுவதும் உண்டு. ஒரு நாள் ஜஸ்டின் ஆங்கிலத்தில், டாக்டர் உங்கள் காயத்தைப் பார்ப்பார் என்றார். நான் "வைத்தியர் உம்முடைய காயத்தைச் சோதித்தறிவார்" என்றேன்.

"அம்மா, பிரசங்கம் பண்ணாத" என்றாள் ஃபெபா. அந்தப் பக்கம் ஜஸ்டின் சிரித்த சிரிப்பில் கேம்பில் உள்ள ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

சில வாரத்தில் நான் ஒன்றைக் கவனித்தேன். ஆறே முக்காலுக்கே ஃபெபா மேசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். நான் குளித்து வருவதற்குள் அவளே அப்பாவைக் கூப்பிட்டு, இன்று எனக்கு என்ன நோய் என்று கேட்கிறாள். முன்பெல்லாம் போனைக் கொடுத்தால், சாப்பிட்டேன், படிக்கிறேன் என்று இரண்டு சொல்லிவிட்டு என்னிடமே நீட்டுகிற பிள்ளை. நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மெர்சி அக்கா கையைப் பிடித்து என்ன கேட்டேனோ அது என் மேசையில் நடந்துகொண்டிருந்தது. புள்ளி இன்னும் ஒன்றுகூடக் கூடவில்லை. நான் அங்கேயே நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆகஸ்டில் தமிழ்த் தேர்வு. எங்கள் வீட்டைச் சுற்றி அன்று ஓணப் போட்டி, மைக் செட் அலறியது. தேர்வு அறையில் சத்தமே கூடாது. பிந்து அமரவிளையில் தன் வீட்டு மாடி அறையைக் கொடுத்தாள். நான் தேர்வை முடிக்கும்வரை அவள் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை, டிவி ஓடவில்லை, நாயை எங்கேயோ கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். காதில் குரல் வந்ததும் அந்த விவசாயி எதிரே பையோடு நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான் என்று பேசினேன்.

செப்டம்பர் கடைசியில் முடிவு வந்தது. தேறிவிட்டேன். புள்ளி எண்பது. அப்புறமும் காத்திருப்பு. அக்டோபர் முழுவதும் ஒன்றும் வரவில்லை. நவம்பர் பிறந்தது. என்னைப் போன்ற பொறுமை இல்லாதவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். ஆனால் நான் எண் சொல்லவில்லை. தந்தால் ஸ்தோத்திரம், தராவிட்டாலும் என் பிள்ளையின் வாயை அவள் அப்பாவிடம் திறந்துவிட்டீரே, அதற்கு ஸ்தோத்திரம் என்று சொன்னேன். 

நவம்பர் ஒன்பது. ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. ஊசி உள்ளே இருக்கும்போது பார்க்க முடியாது. எடுத்து, பஞ்சு வைத்து, குழாயில் பெயர் எழுதி, கையுறையைக் கழற்றின பிறகுதான் பார்த்தேன். அழைப்பு வந்திருந்தது. ஒன்பது நாள் மீதி. பிந்து என்னைக் கட்டிப்பிடித்து, நான் அழுவதற்கு முன்னால் அவள் அழுதுவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அழைப்புத் தாளை மேசையில் வைத்தேன். கவர் இல்லாமல் வைத்தேன். மெர்சி அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் வாசித்துவிட்டுத்தான் ஜெபித்தார். இப்போது எங்கள் சங்கத்தில் யாரும் கவரை ஒட்டிக் கொண்டுவருவதில்லை. ராஜமணி மாமா வெகுநாள் என்னிடம் பேசவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் வந்து, "அந்த லெட்டர் பேட நான் பூட்டி வச்சாச்சு கேட்டியா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபெபா கையில் கேக் துண்டைக் கொடுத்தார். எனக்கு அது போதும்.

இந்த வருஷம் ஜூலையில் மூன்று பேருக்கும் விசா வந்தது. ஆகஸ்டில் ஜஸ்டின் வேலையை விட்டுவிட்டு வந்தார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நானும் ஃபெபாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பழக்க தோஷத்தில் நான் அவளைப் பார்த்தேன், எனக்குப் பின்னால் போய் ஒளிவாள் என்று. அவர் தள்ளுவண்டியோடு வெளியே வந்து, எங்களைக் கண்டு நின்று, மேசையில் பேசுவதுபோலவே ஆங்கிலத்தில் கேட்டார், இன்று உங்களுக்கு என்ன தொந்தரவு என்று.

ஃபெபா கம்பிக்குக் கீழே குனிந்து ஓடினாள். "டாக்டர், எனக்கு அப்பா இல்லாத தொந்தரவு இருந்தது. இப்போ இல்ல" என்று தமிழிலேயே சொல்லி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நடுவில் நின்று சொல்ல நான் தேவைப்படவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அழுதேன்.

அடுத்த மாதம் புறப்படுகிறோம். அதுவரை மருத்துவமனையில் தமிழ் ஆள் வந்திருக்கிறது என்றால் யாரும் கூப்பிடுவதற்கு முன்னே நான் போய் நிற்கிறேன். விண்ணப்பத்துக்கு வழி கேட்டு வருகிறவர்களிடம், நீ அங்கே நிஜமாகவே வேலை பார்த்ததுண்டா என்று முதலில் கேட்கிறேன். சிலருக்கு என்மேல் எரிச்சல். இருக்கட்டும்.

இதை வாசிக்கிற உங்கள் கையிலும் ஒரு கவர் இருக்கலாம். ஜெபத்துக்குக் கொண்டுபோகும் முன் ஒரு தடவை நீங்களே திறந்து வாசித்துப் பாருங்கள். அதில் எழுதியிருப்பது பொய் என்றால் கிழித்துப் போட்டுவிட்டு, உங்களுக்கு உள்ளபடி வேண்டியது எதுவோ அதை அழுகிற பாஷையில் அவரிடம் சொல்லுங்கள். எனக்குச் செவிகொடுத்தார். உங்களுக்கும் செவிகொடுப்பார்.